மிச்சம் ஏழு சுற்று

எனக்குக் கோபம் வந்துட்டா என்ன பேசுதேன்னு எனக்கே தெரியாது. பேசி முடிச்ச பொறவுதான் தெரியும். அன்னைக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து ஒரு காலை ஸ்டூல்ல நீட்டியிருக்கா. முட்டு வீங்கிப் போய்க் கிடக்கு. அவ முன்னால நின்னுக்கிட்டு நான், "உன்னை யாருக்கா நேந்துக்கிடச் சொன்னா? நான் கேட்டேனா? எங்க வீட்டுல யாராவது கேட்டாவளா?"ன்னு கத்துதேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அக்கா முட்டுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டே இருந்தா.

விஷயம் இதுதான். மாசி மாசம் எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, திருநெல்வேலிக்குக் கொண்டு போய், பைபாஸ் பண்ணினாங்க. ஆள் தேறுவாரா மாட்டாரான்னு நாங்க அங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல கிடந்தப்ப, இங்க அக்கா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, 'அண்ணாச்சி நல்லபடியா வீடு வந்து சேர்ந்தா ஆடித்தபசுக்கு முந்தி ஐம்பத்தோரு சுத்து சுத்துதேன்'னு கோமதி அம்மனுக்கு நேந்திருக்கா. எங்க ஊர்ல இது உள்ள வழக்கம்தான். தபசுக்குக் கொடி ஏறிட்டா ஜனம் கோயிலைச் சுத்த ஆரம்பிச்சிரும். உள்ள பிரகாரத்துல சுத்துறவங்க உண்டு, வெளியே ரத வீதியில சுத்துறவங்களும் உண்டு. ஆடிச்சுத்துன்னு பேரு. அக்கா ரத வீதியில சுத்தினா. நாப்பத்திநாலு சுத்து முடிச்சிட்டா. நாப்பத்தஞ்சாவதுல, எவளோ வாசல் தெளிச்ச ஈரத்துல கால் வழுக்கி, ஏற்கெனவே தேய்ஞ்சு போன முட்டு மடங்கி விழுந்துட்டா. மிச்சம் ஏழு. தபசுக்கு மூணே நாள்.

"அந்த ஏழு சுத்தை நீ முடிச்சிரு ஏட்டி"ன்னு கேட்டா. அதுக்குத்தான் நான் அந்தக் கத்து கத்தினது.

நாங்க கிறிஸ்தவங்க, அதுவும் சும்மா பேருக்கு இல்லை. எங்க வீட்டுக்காரர் சபைக் கமிட்டியில இருக்கார். நான் ஞாயித்துக்கிழமை காலையில சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துறவ. ஆண்டவர் ஒருத்தர்தான், வேற யாரையும் சேவிக்கக் கூடாதுன்னு வாரா வாரம் பாட்டா சொல்லிக் கொடுக்கிற வாய் இது. போதாததுக்கு, அவர் தேறி வந்த பொறவு சர்ச்சுல எழுந்திரிச்சு சாட்சி வேற சொல்லியிருக்கேன். "வேற எந்த வாசலுக்கும் போகாம கர்த்தரை மட்டுமே நம்பியிருந்தோம், அவர் கைவிடலை"ன்னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அன்னைக்கு அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். கடைசி பெஞ்சுல முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. எனக்காக வேற வாசலுக்குப் போனவ அங்கனதான் இருந்திருக்கா. வெளியே வந்ததும், "நல்லா பேசினே ஏட்டி, எனக்கே கண்ணு கலங்கிட்டு"ன்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லலை.

இப்ப அதை நினைச்சா எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

"வேற யாரையாவது சுத்தச் சொல்லேன்"னேன். அவ மகன் திருப்பூர்ல இருக்கான். அவ வீட்டுக்காரரும் விசைத்தறியை விட்டுட்டு வரமாட்டார். இருந்தாலும் சொன்னா வரக்கூடிய சொந்தக்காரங்க ரெண்டு பேர் உண்டு.

"அது செல்லாது. நேந்தவளுக்கு முடியலைன்னா, யாருக்காக நேந்தோமோ அந்த வீட்டு ஆளுதான் முடிக்கணும்."

"யாரு சொன்னா?"

"கோயில் வாசல்ல பூ விக்கிறாள்லா, அவதான்."

"பூ விக்கிறவ சொன்னா அதுதான் சட்டமாக்கும்!"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. சண்டைக்கு வரலை. பயந்து போயிருந்தா. "ஏட்டி, நான் உன்கிட்ட சாமி கும்பிடச் சொல்லலை. பாதியில நிக்குது. அண்ணாச்சிக்கு ஏதாவது ஆயிட்டா நான் உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ரெண்டு நாளா சோறு இறங்கலை"ன்னா. சொல்லும்போது வாய் கோணுச்சு. அவ நடிக்கிறவ இல்லை. அவளுக்கு அந்த ஏழு சுத்து எங்க வீட்டுக்காரர் உயிர்.

நான் வீட்டுக்கு வந்துட்டேன். வந்து என்ன, தையல் மிஷின்ல உட்கார்ந்தா தைச்சதைப் பிரிக்கிற வேலைதான் நடந்தது. ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் இடது கையா வச்சுத் தைச்சிட்டேன்.

பதினெட்டு வருஷமா ஒரே சுவர். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை அவிச்சா, சாமிக்குப் படைக்கும் முன்னாடியே எங்களுக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வச்சிருவா. படைச்சதை நாங்க சாப்பிட மாட்டோம்னு வந்த முதல் வருஷமே முகத்துல அடிச்ச மாதிரி சொல்லியிருக்கேன். அதுக்கு அவ கோபப்படலை, முந்தியே எடுத்து வைக்கப் பழகிக்கிட்டா. "இது படைக்காததுட்டி, தைரியமாத் தின்னு"ன்னு சுவருக்கு மேல நீட்டுவா. சாமிக்கு முந்தி எங்களுக்கு. அவ சாமிகிட்ட அவ என்ன சமாதானம் சொல்லுவாளோ தெரியலை. எனக்காக அவ எத்தனையோ வளைஞ்சு கொடுத்திருக்கா. நான் என்ன வளைஞ்சிருக்கேன்? கிறிஸ்மஸ் கேக்குல முட்டை போடாம ஒரு துண்டு தனியா செஞ்சு கொடுத்திருக்கேன். அவ்வளவுதான்.

ஆனா கேக்கும் சுத்தும் ஒண்ணா? ஒண்ணு இல்லையே. அதுவும் தெரியுது. இதுவும் தெரியுது. சவம், மண்டையே குழம்பிப் போச்சு.

வீட்டுக்காரர்கிட்ட சொல்ல பயம். 'அக்கா எனக்காக அம்மனுக்கு நேந்தாளா'ன்னு கேட்டா ரத்தக்கொதிப்பு ஏறிரும். ஏறி ஏதாவது ஆனா, சுத்தாததால ஆச்சுன்னு அவ சொல்லுவா, சொன்னதால ஆச்சுன்னு நான் அழுவேன். அதனால மறுநாள் ஐயரைப் பார்க்கப் போனேன். எங்க சபையில போதகரை ஐயர்னுதான் கூப்பிடுவோம். என் மகன் வயசுதான் இருக்கும், நல்ல பிள்ளை. பக்கத்து வீட்டு அக்கான்னு சொல்லாம, 'ஒருத்தங்களுக்கு இப்படி ஒரு சங்கடம்'னு சுத்தி வளைச்சுக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"நீங்க அதை வழிபாடா நினைச்சுச் செய்தா தப்பும்மா."

"நினைக்கலைன்னா?"

"பார்க்கிறவங்க விசுவாசத்துக்கு இடறலா இருக்கும்."

"அந்தப் பொம்பளை மனசு உடையுதே, அது இடறல் இல்லையா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "உங்க மனசாட்சி என்ன சொல்லுது?"ன்னு கேட்டார்.

"அது தெளிவாச் சொன்னா நான் ஏன் ஐயர்வாள் வெயில்ல இவ்வளவு தூரம் வாரேன்?"

அவர் சிரிச்சிட்டார். எனக்குச் சிரிப்பு வரலை. ஜெபம் பண்ணி அனுப்பினார். பூக்காரி அளவுக்கு இவரும் ஒரு முடிவாச் சொல்லியிருக்கலாம்னு படியிறங்கும்போது எனக்குத் தோணுச்சு. தோணினதுக்கு அப்புறம் பாவமன்னிப்பும் கேட்டேன்.

சாயந்தரம் அக்கா வீட்டுக்குப் போனப்ப அவளே ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தா.

"ஏட்டி, நீ தினமும் காய்கறி வாங்க எங்க போறே?"

"ரத வீதிக்குத்தான்."

"அப்ப காய்கறி வாங்கப் போ. கையில பையை எடுத்துக்கோ. ஏழு சுத்து சுத்தி வாங்கு. நீ ஒண்ணும் நினைக்க வேண்டாம். நினைக்கிறதை நான் இங்க உட்கார்ந்து நினைச்சுக்கிடுதேன்."

யோசிச்சுப் பார்த்தா, பதினெட்டு வருஷத்துல நான் அந்த வீதியை எத்தனை ஆயிரம் தடவை சுத்தியிருப்பேன்! அப்பல்லாம் கத்திரிக்காய். இப்ப மட்டும் பாவமா? அதே ரோடு, அதே கால்.

"செருப்பு போடாமப் போ"ன்னா.

"காய்கறிக்கு எவளாவது வெறுங்காலோட போவாளா? செருப்பு போட்டுத்தான் போவேன்."

"சரி போட்டுக்கோ. ஆனா கோயில் உன் வலது கைப் பக்கம் இருக்கணும்."

"காய்கறிக்காரன் எந்தப் பக்கம் இருக்கானோ அந்தப் பக்கம்தான்."

"ஏட்டி!"

"சரி சரி, வலது கைப் பக்கம்."

இப்படிப் பேரம் பேசி ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டேனா, ஏமாந்தேனா, யாரை ஏமாத்தினேன், ஒண்ணும் விளங்கலை.

மறுநாள் காலையில ஆறு மணிக்குக் கட்டைப் பையை எடுத்தேன். வீட்டுக்காரர் காபி குடிச்சுக்கிட்டே, "இவ்வளவு வெரசா எங்க?"ன்னு கேட்டார். "காய்கறிக்கு"ன்னேன். பொய்யும் இல்லை, நிசமும் இல்லை.

ரத வீதியில நல்ல ஆடிக்காத்து. புழுதி கண்ணுல அடிக்குது. ஜனம் வெறுங்காலோட சாரி சாரியாச் சுத்துது. மஞ்சச் சேலை கட்டின பிள்ளைக, வேட்டியை மடிச்சுக் கட்டின ஆம்பளைக, குருவிகுளம் பக்கத்துல இருந்து வேன் பிடிச்சு வந்த கூட்டம். அதுக்கு நடுவுல செருப்பும் கட்டைப் பையுமா நான். பக்கத்துல போன ஒரு பொம்பளை, "எத்தனாவது சுத்தும்மா?"ன்னு கேட்டா. "நான் காய்கறிக்கு வந்தேன்"னு சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு முந்திப் போயிட்டா.

ஏழு சுத்தை எண்ணுறதுக்கு ஒரு உபாயம் வச்சிருந்தேன். சுத்துக்கு ஒரு காய் வாங்குறது. முடிஞ்சதும் பையில ஏழு காய் இருந்தா ஏழு சுத்து. நிஜமாவே காய்கறி வாங்கின மாதிரியும் ஆச்சு. முதல் சுத்துக்குக் கத்திரிக்காய், ரெண்டாவதுக்கு வெண்டைக்காய். மனசு அம்மன் பக்கம் போயிரக் கூடாதுன்னு சின்ன வயசுல படிச்ச ஜெபத்தையே வாய்க்குள்ள திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு நடந்தேன். அதுல ஒரு கூத்து. பக்கத்துல நடக்கிறவங்க காலும் என் ஜெபமும் ஒரே வேகத்துல போக ஆரம்பிச்சிட்டு. வேகத்தைக் கூட்டினாலும் குறைச்சாலும் மறுபடி ஒண்ணாயிருது.

மூணாவது சுத்துல பால் பூத் பக்கத்துல எங்க சபை மாதர் சங்கத்துக் காரியதரிசி நின்னா. "என்னக்கா, வாக்கிங்கா?"ன்னு கேட்டா. "ஆமா, வாக்கிங்"னேன். நாலாவது சுத்துல மறுபடியும் அதே இடத்துல நிக்கிறா, பேச்சுக்கு ஆள் கிடைச்சிட்டு போல. "கோயில் சுத்துற கூட்டத்துல மாட்டிக்கிட்டியளோ?"ன்னா. "ஆமா, வழியே விட மாட்டேங்காங்க"ன்னேன். அஞ்சாவதுலயும் நிக்கிறா! "இன்னும் முடியலையா?" "சுகர் இருக்குல்லா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்." எனக்குச் சுகரே கிடையாது.

மூணு தடவை. கோழி கூவுறதுக்குப் பதிலா பால் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான். வேதத்துல, கோழி கூவும் முன்னால அந்தச் சீஷன் 'ஏசுவை எனக்குத் தெரியாது'ன்னு மூணு தடவை மறுதலிச்ச கதையை எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கேன். அவனுக்காவது யாரை மறுதலிச்சோம்னு தெரிஞ்சிருந்தது, போய் அழுதான். நான் யாரை மறுதலிச்சேன்? ஏசுவையா, அக்காவையா? அதுகூடத் தெரியாம எங்கன போய் அழ?

இந்தக் குழப்பத்துலதான் தப்பு நடந்தது. முடிச்சுட்டோம்னு தெற்கு ரத வீதி முனையில நின்னு பையைத் திறந்து பார்த்தேன். கத்திரிக்காய், வெண்டைக்காய், சீனி அவரைக்காய், தக்காளி, புடலங்காய், எலுமிச்சை, முருங்கைக்காய். ஏழு இருக்கு. ஆனா அந்த எலுமிச்சம்பழக்காரி, "புளியங்குடிப் பழம்மா, சாறா ஓடும்"னு கூப்பிட்டப்ப முருங்கைக்காயும் அவகிட்டயே வாங்கின மாதிரி ஒரு ஞாபகம். அப்ப ரெண்டு காய் ஒரே சுத்துல. அப்ப சுத்து ஆறு. இல்லை, திரும்பி வந்து வாங்கினேனோ? காரியதரிசிக்குப் பதில் சொன்ன பதட்டத்துல எதுவும் நினைவு இல்லை.

எனக்கு நம்பிக்கையே இல்லாத கணக்கு. ஆறா இருந்தா என்ன, ஏழா இருந்தா என்ன, வீட்டுக்குப் போடின்னு எனக்கு நானே சொன்னேன். கால் நகரலை. மறைக்கப் போறதில்லை, அந்த இடத்துல எனக்குப் பயம் வந்தது. ஒண்ணு குறைஞ்சு, அவருக்கு ஏதாவது ஆயிட்டா? பதினெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவ, சாட்சி சொன்னவ, தெரு முனையில பையைத் திறந்து காயை எண்ணுதேன். என் விசுவாசம் இவ்வளவுதானான்னு எனக்கே கேவலமா இருந்தது. ஆண்டவரே, நான் யாருக்குப் பயப்படுதேன்னு சொல்லித் தொலையும்னு கேட்டேன். அப்படியேதான் கேட்டேன், மரியாதை இல்லாம.

பையைத் தோள்ல மாட்டினேன். நடந்தேன். இன்னொரு சுத்து.

பை கனம் தோளை இழுக்குது. வெயில் வந்துட்டு. செருப்பு போட்ட எனக்கே உள்ளங்கால் எரியுது. வடக்கு ரத வீதி திரும்பும்போதுதான் திடீர்னு உறைச்சது, இதே ரோட்டுல அக்கா அந்த முட்டு வலியை வச்சுக்கிட்டு நாப்பத்திநாலு தடவை சுத்தியிருக்கா. வெறுங்காலோட. "அம்மனே ஒத்தைக் கால்ல தவம் நிக்கா, எனக்கென்ன ரெண்டு கால் இருக்கு"ன்னு சொல்லுவா. எங்க வீட்டு ஆளுக்காக. நான் மைக்ல பேசினதைக் கேட்டதுக்கு அப்புறமும். அங்கனயே எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்தது. ரோடுன்னு பார்க்காம அழுதேன். படிச்ச ஜெபம் எல்லாம் மறந்து போச்சு. ஏசப்பா அவ காலைப் பாரும், அவ காலைப் பாரும்னு அதையே சொல்லிக்கிட்டு அந்தச் சுத்தை முடிச்சேன். சுத்திப் போற ஜனம் என்னையும் ஒரு நேர்த்திக்காரின்னுதான் நினைச்சிருக்கும்.

நேரா அக்கா வீட்டுக்குப் போய்ப் பையைத் தரையில வச்சேன். முந்தின நாள் உட்கார்ந்த அதே நாற்காலியிலதான் இருந்தா. காலையில இருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா.

"ஏழும் ஆச்சா?"

ஆச்சுன்னு சொல்லத்தான் வந்தேன். சொல்ல முடியலை. "கணக்கு தப்பிட்டுக்கா. ஆறா ஏழான்னு தெரியலை. அதனால இன்னொண்ணு சுத்தினேன். ஏழு இருக்கும், இல்லைன்னா எட்டு"ன்னேன்.

அக்கா கண்ணை மூடி ரெண்டு கையையும் கூப்பினா. மூச்சு விட்டா. "கூடினா தப்பில்லை, குறையத்தான் கூடாது"ன்னா. முகம் அப்படியே தெளிஞ்சு போச்சு. ரெண்டு நாளைக்கு அப்புறம் அப்பத்தான் அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்கு மட்டும் ஒண்ணும் தெளியலை.

அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "ஏன் அழுதிருக்கே?"ன்னு கேட்டா. "எட்டாவது சுத்துல என்ன நினைச்சுக்கிட்டு சுத்தினே?"

"உன் காலை நினைச்சுக்கிட்டு."

"யார்கிட்ட?"

"எங்க ஆண்டவர்கிட்டதான்."

"எங்க அம்மனைச் சுத்திக்கிட்டேவா?"

"நான் காய்கறி வாங்கத்தான் போனேன்"னேன். அவ சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு பாதியில நின்னு போச்சு.

"அப்ப எனக்காகவா நேந்துக்கிட்டே?"

"நேரலைக்கா. ஜெபம்."

"எதுவோ ஒண்ணு. என் வீட்டுக்காரருக்கு நேந்திருக்கேன், மகனுக்கு நேந்திருக்கேன், மருமக பிரசவத்துக்கு, அண்ணாச்சிக்கு. எனக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் நேந்ததில்லை ஏட்டி"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் வேதப்புத்தகத்துக்குள்ள ஜெபக்குறிப்புன்னு ஒரு சீட்டு உண்டு. அதுல பதினெட்டு வருஷமா அவ இருக்கா. 'பக்கத்து வீட்டார், இரட்சிப்பு'ன்னு எழுதி வச்சிருக்கேன். ஒருநாள் விடாம அதைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுதேன். அவ எங்க பக்கம் வரணும்னு அத்தனை வருஷம் கேட்டவ, சுவருக்கு அந்தப் பக்கம் அவ 'அம்மா'ன்னு முனகிக்கிட்டு எழுந்திரிக்கிற சத்தத்தைத் தினமும் கேட்டவ, அந்த முட்டு வலிக்கு ஒருநாள்கூட ஆண்டவர்கிட்ட கேட்டதில்லை. அவளுக்கும் அது தெரியாது. அவகிட்ட சொல்லவும் எனக்கு வாய் வரலை.

"இப்பப் பண்ணட்டுமா?"ன்னு கேட்டேன். அவ சேலையை விலக்கிக் காலை என் பக்கம் நகட்டினா. நான் தரையில உட்கார்ந்து முட்டு மேல கை வச்சேன். சூடா இருந்தது, தைலம் கையில ஒட்டுச்சு. கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இவளுக்கு வலிக்குது"ன்னேன். அதுக்கு மேல என்ன கேட்கன்னு எனக்குத் தெரியலை.